ஆறு நட்டு மாப்பிள்ளை

இலங்கை மலையகத்து ஹட்டன் டவுனில், மழை வந்தால் பாதி நனையும் ஓர் ஓட்டோ ஸ்டாண்ட். பேசுகிறவர்கள் இரண்டு பேர். கருப்பையா, தோட்டத்துப் பங்களாவில் வேலை பார்த்து ஓய்வெடுத்தவர், கல்யாண வயதில் ஒரு மகள் உண்டு. தியாகு, ஓட்டோ ஓட்டுகிறவன். வாகனம் பற்றி எதைக் கேட்டாலும் சொல்வான், கேட்காவிட்டாலும் சொல்வான்.

கருப்பையா: தம்பி, ஹயர் இல்லாமல்தானே நிற்கிறாய்? ஒரு சந்தேகம் கேட்கணும். கார் என்றால் எத்தனை வகை?

தியாகு: என்ன அண்ணே, ஈபிஎஃப் காசு வந்துவிட்டதா? எடுக்கப் போறீங்களா?

கருப்பையா: கார் எடுக்கப் போகவில்லை, மருமகன் எடுக்கப் போகிறேன். தரகர் ஒரு இடம் கொண்டு வந்திருக்கிறார். பையன் நுவரெலியாப் பக்கம் மரக்கறி வியாபாரம், குடி இல்லை, வெற்றிலைகூட இல்லை, சொந்தக் கார் இருக்கு என்கிறார். மற்றதெல்லாம் கல்யாணத்துக்குப் பிறகு தன்னாலே தெரிந்துவிடும். காரை மட்டும் இப்பவே தெரிந்துகொள்ளணும்.

தியாகு: சரி, என்ன கார்?

கருப்பையா: வெள்ளைக் கார்.

தியாகு: வெள்ளை என்பது நிறம் அண்ணே. நான் வகை கேட்கிறேன். ஹெச்பெக்கா, செடானா, வேகனா, எஸ்யூவியா?

கருப்பையா: என் காலத்தில் டவுனில் மொரிஸ் மைனர் ஹயர் கார் ஒன்று நிற்கும். அதை எல்லாரும் கார் என்போம், அதுவும் ஒரு வார்த்தை மறுத்துப் பேசாது. என் கல்யாணத்துக்கு அதில்தான் வந்தோம், டிரைவரோடு ஒன்பது பேர். இப்ப எதற்கு அதுக்கு இத்தனை பெயர் வைத்திருக்கிறார்கள்?

தியாகு: சுலபமாகச் சொல்கிறேன், கேளுங்க. செடான் என்றால் மூன்று பெட்டி. முன்னால் எஞ்சினுக்கு ஒன்று, நடுவில் ஆட்களுக்கு ஒன்று, பின்னால் சாமானுக்கு ஒன்று. ஹெச்பெக் என்றால் இரண்டே பெட்டி. ஆளும் சாமானும் ஒரே அறையில், பின்கதவைக் கண்ணாடியோடு சேர்த்து மேலே தூக்கணும்.

கருப்பையா: அப்படியென்றால் ஹெச்பெக் நம்ம லயத்துக் காம்பரா. சமைக்கிறது, படுக்கிறது, விறகு அடுக்குறது எல்லாம் ஒரே இடம். செடான், ஸ்டாஃப் குவாட்டர்ஸ். சாமானுக்குத் தனி ரூம்.

தியாகு: அதேதான்!

கருப்பையா: என் பிள்ளை காம்பராவில் பிறந்து வளர்ந்தவள். கட்டிக் கொடுக்கும் இடத்திலும் காம்பராவா? செடானா என்று கேட்டுச் சொல்லு.

தியாகு: நான் எங்கே போய்க் கேட்க? தரகர் வேறு ஒன்றும் சொல்லவில்லையா?

கருப்பையா: சின்னக் கார் இல்லை, நல்ல கிளாஸ் கார் என்றார்.

தியாகு: கிளாஸ் என்றால் அதற்கு வேறு கணக்கு இருக்கு. ஐரோப்பாவில் எழுத்துப் போட்டுப் பிரிப்பார்கள். ஏ, பீ, சீ, டீ, ஈ, எஃப்.

கருப்பையா: ரிசல்ட் மாதிரி. எங்க மாப்பிள்ளை ஏ தான் எடுத்திருப்பார்.

தியாகு: ஐயோ அண்ணே, ஏ என்றால்தான் ரொம்பச் சின்னது. ஒல்டோ, நெனோ எல்லாம் ஏ. விட்ஸ், எக்குவா மாதிரிக் கார்கள் பீ. கொரோல்லா அளவு வந்தால் சீ. கெம்ரி டீ. பென்ஸில் ஈ கிளாஸ் என்று ஓடுகிறதே, அது ஈ. அதுக்கும் மேலே பெரிய பெரிய ஆட்கள் பின் சீட்டில் சாய்ந்து போகிறது எஃப்.

கருப்பையா: எஃப் என்றால் பெயில் அல்லவா? என் பெரியவன் ஏ லெவலில் மூன்று எஃப் எடுத்து, அந்தப் பேப்பரை இன்னும் அவன் அம்மா ஒளித்து வைத்திருக்கிறாள்.

தியாகு: இன்னொன்று கேளுங்க. பென்ஸில் எல்லாவற்றுக்கும் மேலே எஸ் கிளாஸ். அது வருகிறது எஃப் வகுப்பில்.

கருப்பையா: எஸ் என்றால் எங்க ரிசல்ட்டில் சாதாரண பாஸ். எஸ் எடுத்தவனை எஃப் வகுப்பில் போட்டு, அவனுக்குக் கோடிக்கணக்கில் விலையும் வைத்திருக்கிறான்! இந்த வெள்ளைக்காரன் கையில் நம்ம பிள்ளைகளின் விடைத்தாள் போயிருந்தால் தோட்டம் பூராவும் டொக்டர்தான்.

(இந்த இடத்தில் அவர் மகனுக்கு ஃபோன் போட முயன்றார். மலை மடிப்பில் சிக்னல் இல்லாதது அந்தப் பையன் செய்த புண்ணியம்.)

தியாகு: விடுங்க. வேறு குறிப்பு ஏதாவது?

கருப்பையா: ஜப்பான் கார் என்றார்.

தியாகு: ஜப்பான் என்றால் அங்கேயும் ஒரு தனிச் சாதி இருக்கு. கேய் கார் என்பார்கள். சட்டம் போட்டே குட்டையாக்கி வைத்தது. நீளம் 3.4 மீட்டருக்கு மேலே போகக் கூடாது, அகலம் 1.48, உயரம் 2 மீட்டர், எஞ்சின் 660 சிசி. வேகன் ஆர் பார்க்கிறோமே, 1993இல் வந்தது, அது இந்த ஜாதிதான். அந்த ஊரில் இதுக்கு மஞ்சள் நம்பர் பிளேட்.

கருப்பையா: அங்கே மஞ்சள் பிளேட் போட்டு ஒதுக்கி வைத்தது இங்கே வந்தால் மாப்பிள்ளைக் காரா?

தியாகு: மெதுவாகச் சொல்லுங்க, அந்தப் பக்கம் நிற்கிறவர் வேகன் ஆர்காரர். இங்கே அதற்கு இருக்கிற மதிப்பே வேறு. வரி சிசி பார்த்துத்தான் போடுகிறார்கள், 1000 சிசிக்குள் இருந்தால் வரி குறைவு. அதனாலே நம்ம நாட்டில் காரை உருவாக்குகிறது எஞ்சினியர் இல்லை, சுங்கத் திணைக்களம். அப்புறம் 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தினார்களே, 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். அந்த ஐந்து வருஷத்தில் பழைய கார் வைத்திருந்தவன் எல்லாம், வாங்கின விலையைவிடக் கூட்டி விற்றான். ஓடி ஓடித் தேய்ந்ததுக்கு விலை கூடின அதிசயத்தை இந்த நாட்டில்தான் பார்க்கலாம்.

கருப்பையா: நான் பங்களாவில் முப்பது வருஷத்துக்கு மேலே ஓடித் தேய்ந்தேன். எனக்கு மட்டும் ஒருத்தனும் கூட்டித் தரவில்லை. சரி, அந்தக் கேய் நம்ம மலை ஏறுமா?

தியாகு: ஏறும், ஆனால் யோசித்து ஏறும். உயரம் போகப் போகக் காற்று மெலியும். காற்றுக் குறைந்தால் பெற்றோலும் குறைவாகத்தான் எரிக்க முடியும். காற்றை அழுத்தி ஊட்டுகிற டர்போ இல்லாத எஞ்சினுக்கு நூறு மீட்டருக்கு நூற்றில் ஒரு பங்கு பலம் போகும் என்று ஒரு கணக்கு. நுவரெலியா 1,868 மீட்டர். கொழும்பில் 50 குதிரை வலுவோடு புறப்பட்ட வண்டி, நுவரெலியா போய்ச் சேரும்போது ஒன்பது குதிரை இருக்காது.

கருப்பையா: எங்கே போகும்?

தியாகு: எது?

கருப்பையா: அந்த ஒன்பது குதிரை.

தியாகு: ரேஸ் கோர்ஸில் மேயும், போய்ப் பாருங்க.

கருப்பையா: கோபப்படாதே தம்பி. இன்னொரு குறிப்பு ஞாபகம் வருது. காரில் சத்தமே வராதாம்.

தியாகு: ஓ, அப்படியா! ஹைபிரிட். எக்குவா, பிரியஸ், எக்ஸியோ ஹைபிரிட், இப்படி ஏதாவது. பெற்றோல் எஞ்சினும் இருக்கும், கரண்ட் மோட்டாரும் இருக்கும்.

கருப்பையா: சத்தம் வராமல் வந்தால் லயத்துக்கு எப்படித் தெரியும்? மாப்பிள்ளை வீட்டுக் கார் வருகிறது என்றால் கீழ் வளைவில் திரும்பும்போதே மேல் லயத்தில் நாய் குரைக்கணும். பெண்டுகள் வாசலுக்கு வரணும். இது திருட்டுப் பூனை மாதிரி வந்து நின்றால் எனக்கு என்ன மரியாதை?

தியாகு: ஹோர்ன் அடிப்பார் அண்ணே. அதை விடுங்க, இந்த வண்டியில் ஒரு விஷயம் இருக்கு. இறக்கத்தில் வரும்போது சக்கரம் சுற்றுகிற சுற்றிலேயே பெட்டரி சார்ஜ் ஏறும். ஏற்றத்தில் அந்தக் கரண்ட்டை எடுத்துச் செலவழிக்கும்.

கருப்பையா: இறங்கும்போது வரவு, ஏறும்போது செலவு. அப்படியென்றால் இங்கேயிருந்து கொழும்புக்குப் போகிறவனுக்கு லாபம். திரும்பி வந்தால்தான் நட்டம்.

தியாகு: அதனாலேதான் போகிற பிள்ளைகள் யாரும் திரும்பி வருவதில்லை போல. ஆனால் ஒன்று, கினிகத்தேன வரை ஒரே இறக்கம் என்றால் பாதி வழியிலேயே பெட்டரி நிரம்பிவிடும். அப்புறம் சேமிக்க இடம் இல்லை. விவரம் தெரியாதவன் பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவான், பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். கியரை ‘B’ என்ற இடத்தில் போட்டால் எஞ்சினே இழுத்துப் பிடிக்கும். ரம்பொடை இறக்கத்தில் எனக்கு முன்னால் ஒரு கார் போகிறது என்று வையுங்க, பின்னால் சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்தால் சமவெளிக்காரன், அடிக்கடி அணைந்தால் நம்ம ஆள். மாப்பிள்ளையைச் சோதிக்கணும் என்றால் காரைக் கேட்காதீங்க, இறக்கத்தில் பின்னாலே போங்க.

கருப்பையா: எதிலே போகிறது, உன் ஓட்டோவிலா? எட்டிப் பிடிப்பாயா?

தியாகு: என் வண்டியைப் பேசாதீங்க. 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் போட்டு அரசாங்கமே எங்களை அளந்து காட்டிவிட்டது. வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20. ஒரு சக்கரம் கூட இருந்ததுக்கு எங்களுக்குக் கூட்டினது ஒரு லீற்றர். நாலாவது சக்கரத்துக்கு மட்டும் 15 லீற்றரா? அன்றைக்குத்தான் கார் வகுப்பு என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது.

கருப்பையா: எங்களுக்கு அது சின்ன வயதிலேயே புரியும். பெரிய துரைக்கு ஜீப், சின்னத் துரைக்கு மோட்டார் சைக்கிள், கணக்கப்பிள்ளைக்குக் குடை. கொழுந்து லொறிக்கு ஏறுகிறது, நாங்கள் நடக்கிறது.

தியாகு: எந்த ஜீப்? வில்லீஸா?

கருப்பையா: லேண்ட் ரோவர்.

தியாகு: லேண்ட் ரோவர் ஜீப் இல்லை அண்ணே. ஜீப் அமெரிக்காக்காரன் 1941இல் சண்டைக்குச் செய்தது. லேண்ட் ரோவர் 1948இல் இங்கிலாந்துக்காரன் செய்தது.

கருப்பையா: தோட்டத்தில் அது ஜீப்தான். துரையே ஜீப் என்றுதான் சொல்வார், நீ என்ன துரைக்கு மேலே? அதைக் கழுவி வளர்த்தவன் நான். பொடியெல்லாம் அலுமினியம், துருவே ஏறாது. தட்டினால் தகரச் சத்தம் வராது, வேறு ஒரு சத்தம் வரும். சண்டை முடிந்த காலத்தில் இரும்புக்குத் தட்டுப்பாடு, அதனாலே அலுமினியத்தில் செய்தான் என்று துரை ஒரு நாள் நல்ல மூடில் இருக்கும்போது சொன்னார். எங்கே என்ன ஆணி இருக்கு என்று கண்ணை மூடிக்கொண்டு தொட்டுக் காட்டுவேன்.

தியாகு: அது சரி, மாப்பிள்ளையின் கார் படம் ஒன்றும் இல்லையா?

கருப்பையா: இருக்கே. தரகர் வட்ஸ்அப்பில் போட்டிருக்கிறார்.

தியாகு: இவ்வளவு நேரம் கையில் படத்தை வைத்துக்கொண்டா என்னை எஃப் வரைக்கும் படிக்க வைத்தீங்க? கொடுங்க இங்கே.

(படத்தைப் பார்த்ததும் விஷயம் விளங்கியது. மாப்பிள்ளை நல்ல அகலம். வாகனத்தில் சாய்ந்து, ஒரு காலை மடித்து நிற்கிறார். அவருக்குப் பின்னால் தெரிகிற வாகனம் ஒரு சக்கரமும் கதவில் ஒரு முழமும்தான்.)

தியாகு: கதவு வெள்ளை, அது உண்மை. மேலே கூரை தெரியவில்லை, நம்பர் பிளேட்டும் தெரியவில்லை. முதல் எழுத்துத் தெரிந்தால்கூடச் சொல்லிவிடலாம், ‘P’ என்றால் வேன், கெப், ‘L’ என்றால் லொறி. சக்கரம் ஒன்றுதான் இருக்கு. நட்டு எண்ணலாம்.

கருப்பையா: நட்டு எண்ணி மாப்பிள்ளை பார்க்கிறதா?

தியாகு: சாதகத்தைவிட இது நம்பிக்கையானது. நெனோ என்றால் மூன்று நட்டு. சின்னக் கார்களில் பெரும்பாலும் நாலு. கொஞ்சம் பெருத்தால் அஞ்சு. பிராடோ மாதிரி என்றால் ஆறு.

கருப்பையா: பெரிசாக்கு, பெரிசாக்கு! ஒன்று... இரண்டு... ஐயோ, மூன்றாவதுக்கு மேலே மாப்பிள்ளை சப்பாத்தை வைத்திருக்கிறார். கடவுளே, மூன்றோடு முடிந்துவிடுமா?

தியாகு: விரலை வைக்காதீங்க அண்ணே, படம் ஓடுது. பாருங்க, இப்ப மாப்பிள்ளை மூக்குத்துவாரம் வந்து நிற்குது.

கருப்பையா: நல்ல சுத்தமான மூக்கு.

தியாகு: சக்கரத்துக்கு வாங்க. முழுதாக எண்ண முடியாவிட்டால் கோணத்தை அளக்கலாம். உங்க சட்டைப் பையில் பஸ் டிக்கட் இருக்கா? இதோ, இந்த மூலை 90 பாகை. இதை நடுவில் வைத்து, பக்கத்துப் பக்கத்து இரண்டு நட்டும் இந்த மூலைக்குச் சரியாகப் பொருந்தினால் நாலு நட்டு. மூலைக்குள்ளே அடங்கினால் நாலுக்கு மேலே. வெளியே போனால் நெனோ.

கருப்பையா: முருகா... அடங்குது! உள்ளே அடங்குது தம்பி!

தியாகு: பொறுங்க. இப்ப அந்த மூலையை மூன்று பங்காக மடிக்கிறேன், ஒரு பங்கு 30. இரண்டு பங்குக்குச் சரியாக வந்தால் 60, அதாவது ஆறு நட்டு. கொஞ்சம் தாண்டினால் அஞ்சு... அண்ணே.

கருப்பையா: சொல்லு.

தியாகு: ஆறு.

கருப்பையா: பிராடோ! பழனி ஆண்டவா, பிராடோ! துரைக்கே அஞ்சு நட்டுத்தான்டா!

தியாகு: கத்தாதீங்க. டபள் கெப்பாகவும் இருக்கலாம், ஹைலக்ஸுக்கும் ஆறுதான்.

கருப்பையா: அது என்னது?

தியாகு: முன்னால் நாலு கதவுக் கார், பின்னால் லொறிப் பெட்டி. ரெஜிஸ்டரில் இரட்டைப் பாவனை வாகனம் என்று போடுவார்கள்.

கருப்பையா: முன்னால் சம்பந்தி, பின்னால் லீக்ஸ், கரட். மரக்கறி வியாபாரத்துக்கு அதுதான் சரி. நான் அப்பவே சொன்னேன், என் மகள் ராசிக்காரி.

தியாகு: அண்ணே, ஒரு நிமிஷம். கதவு பளபளப்பில் என்னவோ தெரியுது. பாருங்க, அன்னப்பறவை.

கருப்பையா: நல்ல சகுனம்.

தியாகு: சகுனம் இல்லை, அது கிரகரி வாவியில் மிதிக்கிற படகு. ஏப்ரல் சீசனில் எடுத்த படம். அந்த நேரம் வாவிக் கரையில் கொழும்பு வாகனம் வரிசை கட்டி நிற்கும். சொந்தக்காரன் குதிரைச் சவாரிக்குப் போன நேரம் பார்த்து ஊரில் இருக்கிற அத்தனை பேரும் சாய்ந்து படம் எடுப்பான். நான்கூட ஒரு பென்ஸில் எடுத்திருக்கிறேன்.

கருப்பையா: பொறாமையில் பேசாதே. பையன் முகத்தைப் பார், சொந்த வண்டியில் சாய்ந்த தெம்பு.

தியாகு: முகத்தை விட்டுக் கையைப் பாருங்க. இடது முழங்கையில் கறுப்பாக ஒன்று மாட்டியிருக்கு.

கருப்பையா: அது கைப்பை. வியாபாரி அல்லவா, கலெக்‌ஷன் காசு வைத்திருப்பார்.

தியாகு: முன்னால் கண்ணாடி வைத்த கைப்பையா அண்ணே? அது ஹெல்மட்.

(சிறிது நேரம் மழைச் சத்தம் மட்டும். வேகன் ஆர்காரர்கூட எட்டிப் பார்த்தார்.)

கருப்பையா: பிராடோவுக்குள் ஹெல்மட் போடணும் என்று ஏதாவது புதுச் சட்டம்...

தியாகு: இல்லை.

கருப்பையா: மோசடி! கூப்பிடு அந்தத் தரகரை! படத்தைக் காட்டிப் பெண் கேட்கிறானா? அடுத்தவன் வண்டியில் சாய்ந்து நின்று என்னை ஏமாற்றப் பார்த்தான். ஹெல்மட்டையாவது கீழே வைத்துவிட்டு நின்றிருக்கலாம், அந்தளவுகூட மரியாதை இல்லை.

தியாகு: கோபம் நியாயம்தான். அது சரி, அவங்க பக்கத்துக்கு நீங்க என்ன படம் கொடுத்தீங்க?

கருப்பையா: எனக்கு என்ன, பிள்ளை படம்தான்.

தியாகு: பிள்ளை தனியாகவா?

கருப்பையா: நானும் பக்கத்தில் நின்றேன்.

தியாகு: எதற்குப் பக்கத்தில்?

கருப்பையா: ...பங்களா ஜீப்புக்கு. சும்மா இல்லை தம்பி, அதில் எனக்கு உரிமை இருக்கு. கழுவின தண்ணீர்க் கணக்குக்கே அதில் பாதி என் பெயரில் எழுதணும்.

தியாகு: தரகரிடம் என்ன சொன்னீங்க?

கருப்பையா: நான் ஒன்றும் சொல்லவில்லை. “வீட்டில் வாகனம் இருக்கா” என்று கேட்டார். படத்தைக் காட்டிச் சிரித்தேன். சிரிக்கிறது பொய்யா?

(இந்த நேரம் பார்த்து சிக்னல் வந்தது. ஃபோன் அடித்தது.)

கருப்பையா: யாரது... ஐயோ, மாப்பிள்ளை வீட்டு நம்பர். ஹலோ! ஆமாங்க சம்பந்தி, சுகம்தாங்க... இப்பத்தான் உங்க பையன் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம், நல்ல லட்சணம்... என்னங்க? எங்க படமா? கிடைத்ததா?... ஆமா, ஜீப்தான்... சக்கரத்தில் என்ன?... ஒன்று மாத்திரம் மறைகிறதா? என் சாரம் மறைத்திருக்கும்... அஞ்சுங்க! அஞ்சு நட்டு, ஒரு சக்கரத்துக்கு அஞ்சு, எந்தக் கோவிலில் வேண்டுமானாலும் கற்பூரம் அடிக்கிறேன்!... சரிங்க, இருங்க, பிடிங்க... (ஃபோனைக் கையால் மூடிக்கொண்டு) தம்பி, அந்தப் பக்கமும் ஓர் ஓட்டோக்காரன் உட்கார்ந்திருக்கிறான்டா. ஜீப் கதவில் கொம்பனிப் பெயர் தெரியுதாம், அது என்ன என்று கேட்கச் சொல்கிறான்.

தியாகு: எந்த ஸ்டாண்ட் என்று கேளுங்க அண்ணே, நான் பேசிக்கொள்கிறேன்.